காட்டுச் செடிச் சாற்றுக்கு எந்தச் சோதனை? மலையக மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பதுளை, நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர்களும், பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் அம்மாயியோ லயத்துப் பெரியவர் ஒருவரோ காலங்காலமாகப் பயன்படுத்தும் பச்சிலை ஒன்று இருக்கிறது. அதற்கு உண்மையில் மருந்துக் குணம் உண்டா என்று பார்க்க ஆசை. கையில் இருப்பது நான்கைந்து மாதமும் கொஞ்சப் பணமும் ஒரு பாடசாலை ஆய்வுகூடமும் மட்டுமே. எந்தச் சோதனையில் தொடங்குவது?

இந்த வசதிகளுக்குள் எட்டக்கூடியவை நான்கு. ஏகார் என்னும் கடற்பாசிக் கூழில் வளரும் பற்றீரியாவின் மீது சாறு தோய்த்த வட்டை வைத்துப் பார்க்கும் ஏகார்ச் சோதனை, டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறப் பொருளைக் கொண்டு ஒட்சியேற்ற எதிர்ப்பை அளப்பது, உப்புநீர் இறால் குஞ்சுகளைக் கொண்டு நச்சுத்தன்மையைப் பார்ப்பது, மாப்பொருளைச் செரிக்கும் அமிலேசு நொதியத்தைச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பது. நான்கையும் மலையகத்து நிலைமையில் வைத்து ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, பொருத்தம். மக்கள் அந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்களோ அதற்கும் சோதனை கேட்கும் கேள்விக்கும் தொடர்பு இருக்க வேண்டும். காயத்துக்குப் பூசும் இலையை நீரிழிவுச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பலன் இல்லையென்று எழுதினால் அந்த இலைக்கும் அதைச் சொல்லித் தந்தவருக்கும் நாம் செய்வது அநியாயம்.

இரண்டாவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்: அந்தச் சோதனைக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியுமா? கொண்டுபோகும் செடியெல்லாம் தேறிவிடுகிற சோதனையிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மாணவர்கள் சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘ஆம்’ என்ற விடை எதில் எளிதாகக் கிடைக்கும் என்றுதான் பார்க்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகப் பார்க்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, நமது உயரமும் குளிரும் ஈரப்பதனும் அந்தச் சோதனையை என்ன செய்யும் என்பது. நான்காவது, செய்பவரின் பாதுகாப்பு. ஐந்தாவது, விடை கிடைத்த பிறகு போவதற்கு அடுத்த படி இருக்கிறதா என்பது.

## எந்தச் சோதனையானாலும் தப்ப முடியாத செலவுகள்

சோதனைப் பொருட்களின் விலையை எல்லாரும் கணக்கிடுகிறார்கள். மாதிரியைச் சரியாகச் சேகரிக்கும் செலவைப் பெரும்பாலும் யாரும் கணக்கிடுவதில்லை. ஆனால் முழுச் செயற்திட்டத்தையும் கவிழ்ப்பது அதுதான்.

முதலில் பெயர். சிங்களத்தில் பின் கொஹொம்ப என்றாலும் தமிழில் நிலவேம்பு என்றாலும் சொல்லின் பொருள் ஒன்றுதான். ஆனால் பின் கொஹொம்ப என்று இங்கு வழங்குவது வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த முன்ரோனியா. நிலவேம்பு என்று சித்த மருத்துவம் சொல்வது ஆடாதோடைக் குடும்பத்தைச் சேர்ந்த அன்ட்ரோகிராபிஸ். பெயரை மொழிபெயர்த்து நம்பிவிட்டால், ஒரு செடியைப் பற்றி இன்னொரு செடியின் ஆய்வுகளை மேற்கோள் காட்டி எழுதிக்கொண்டிருப்போம். பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் காட்டி அடையாளத்தை உறுதிப்படுத்திக்கொள்வதற்கு ஒரு மாதத்தை ஒதுக்குங்கள்.

அடுத்தது அனுமதி. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி ஒரு தழையையும் ஒடிக்கக் கூடாது. மற்றக் காடுகளுக்கு வனத் திணைக்களத்திடமும், தோட்டத்து நிலத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். ஓடையோரத்திலும் பாதையோரத்திலும் களையாக மண்டிக்கிடக்கும் செடிகளில் தொடங்குவது மாணவருக்கும் காட்டுக்கும் நல்லது.

மூன்றாவதை என் அனுபவத்தில் சொல்கிறேன். மாணவியாக இருந்த காலத்தில், வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பூசும் இலையொன்றைப் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒடித்துக்கொண்டுபோய் ஏகாரில் சோதித்தேன். வட்டைச் சுற்றிக் கண்ணாடிபோலத் தெளிந்த வளையம் வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் வந்தது. கரைப்பான் மட்டும் தோய்த்த வட்டைச் சுற்றி எதுவும் வரவில்லை. ஆகவே சாற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்து மீதி இலைகளைக் காட்டியபோது, கொழுந்தெடுத்தே கை காய்த்துப்போன என் பெரியம்மா ஓர் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்து நரம்போரம் படிந்திருந்த வெளிர்நீலப் பொடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது ஏழாம் நம்பர் மலை ஓரத்துல ஒடிச்சதா? போன மாசந்தானே அங்க மருந்து அடிச்சாங்க” என்றார். தேயிலையின் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் தெளிப்பது செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லி. செப்பு பற்றீரியாவையும் கொல்லும். மருந்து படாத ஓடைக்கரையிலிருந்து அதே செடியின் இலையை எடுத்து மறுபடியும் செய்தேன். வளையம் வரவில்லை. தேயிலை மலையை ஒட்டி எடுத்த எந்த மாதிரியையும் அதற்குப் பிறகு நான் ஏற்றுக்கொண்டதில்லை.

நான்காவது, உலர்த்துவது. பனியும் தூறலும் இறங்காத கிழமைகளில் நிழலில் உலர்த்தினால் போதும்; மற்றக் காலங்களில் இலை உலர்வதற்கு முன் பூசணம் பிடித்துவிடும். பூசணம் தானே நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரக்கக்கூடியது என்பதால், பூத்த இலை தரும் ‘நல்ல’ முடிவு இலையினுடையதா பூசணத்தினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 40 பாகை செல்சியஸைத் தாண்டாத சூட்டில், மின்குமிழ் வைத்த அட்டைப்பெட்டியில் உலர்த்துவது மலிவான வழி.

## பற்றீரியாவும் ஏகார்த் தட்டும்

1966இல் முறைப்படுத்தப்பட்ட கேர்பி–பவர் முறையின் எளிய வடிவம் இது. பற்றீரியாவைப் பரப்பிய ஏகாரின் மேல், 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள கடதாசி வட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்தி வைத்து, ஒரு நாள் 35 பாகையில் விட்டால், சாறு தடுக்கக்கூடியதாயின் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். காயம், கொப்புளம், தொண்டைப்புண் ஆகியவற்றுக்குப் பயன்படும் செடிகளுக்கு இதுவே பொருத்தமானது. இதற்கு ‘இல்லை’ என்று சொல்லவும் தெரியும், ஈ. கோலை போன்ற, ‘கிராம் எதிர்’ என்று வகைப்படுத்தப்படும் பற்றீரியாக்களின் புறமென்சவ்வு பெரும்பாலான தாவரப் பொருட்களை உள்ளே விடுவதில்லை என்பதால், பல செடிகள் அங்கே தோற்றுவிடும்.

ஆனால் அது சொல்லும் ‘இல்லை’ முழுமையானதுமில்லை. எண்ணெய்த்தன்மையுள்ள பொருட்கள் ஏகாரின் நீரில் பரவ மாட்டா. ஆற்றல் இருந்தும் வளையம் சிறுத்துப்போகும். ஆகவே வளையத்தின் அகலத்தை வைத்து இந்தச் செடி அந்தச் செடியைவிட வலியது என்று எழுதக் கூடாது. கடையில் வாங்கிய, ஜென்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வட்டோடு ஒப்பிட்டுப் பெருமைப்படவும் கூடாது. ஒப்பிட ஏற்றது, ஏற்கெனவே தெரிந்த செடியொன்றின் சாறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெனிவெல் என்ற மரமஞ்சளில் பற்றீரியாவைத் தடுக்கும் பெர்பெரின் இருக்கிறது. அந்தப் புறமென்சவ்வு இல்லாத ‘கிராம் நேர்’ப் பற்றீரியாவில் அது வளையம் தராவிட்டால் பிழை உங்கள் தட்டில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

உயரம் குறுக்கிடுவது கிருமிநீக்கத்தில். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை தரும் பிரஷர் குக்கர், அங்கே அதே 15 இறாத்தலில் 118 பாகை அளவையே தரும். அமுக்கத்தைக் கூட்ட முடியாத குக்கரென்றால், கொழும்பில் அச்சிட்ட செய்முறை சொல்லும் 15 நிமிடத்தை 30 நிமிடமாக்குங்கள். அடைகாப்பதற்கும் அறைச் சூடு போதாது. மின்வெட்டு வந்தால் அந்த நாளின் தட்டுகள் வீண்.

பாதுகாப்பைப் பற்றி உறுதியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புண்களில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் பாடசாலை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் உயிரில்லை. புண்ணிலிருந்தோ தோலிலிருந்தோ தொட்டெடுத்து வளர்ப்பது அதைவிட மோசம். பாடசாலையில் தீங்கற்ற பற்றீரியாவான பசிலஸ் சப்டிலிஸ், பாண் செய்யும் ஈஸ்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டுகளை மூடியபடியே அளந்து, பிறகு குக்கரில் அவித்துத்தான் எறிய வேண்டும். பல்கலைக்கழக வசதி இருந்தால் வளையத்தோடு நிற்காமல், வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைச் சிறு குழிகள் கொண்ட தட்டில் கண்டறியுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் சாற்றை ஆய்வாளர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை.

## ஊதா மஞ்சளாகும் சோதனை

மாணவர்கள் மிக அதிகமாகத் தேர்ந்தெடுப்பது டி.பி.பி.எச்.; நான் மிகக் குறைவாகப் பரிந்துரைப்பதும் அதுவே. மெதனோலில் கரைத்த ஊதாக் கரைசலில் சாற்றைக் கலந்து, இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நனோமீற்றர் ஒளியில் நிறக்குறைவை அளக்கிறோம். செய்வது எளிது, ஒரே நாளில் முடியும், வரைபு அழகாக வரும். ஆனால் பீனோல்கள் (துவர்ப்புத் தரும் தனின்கள் போன்றவை) உள்ள எந்த இலையும் இதில் தேறும், பீனோல்கள் இல்லாத இலையோ அருமை. நம் வாசலில் நிற்கும் தேயிலையின் கொழுந்தில் உலர் நிறையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பல்பீனோல்கள்தாம். அதை ஒப்பீட்டுக்கு வைத்தால் காட்டிலிருந்து கொண்டுவந்த செடிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னேதான் நிற்கும். தவிர, குழாயில் நிறம் மாறுவது உடலுக்குள் நோய் மாறுவதற்குச் சான்றாகாது: அந்தப் பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, இரத்தத்தில் நிலைக்குமா என்ற கேள்விகளை இந்தச் சோதனை தொடவே இல்லை.

மறைமுகச் செலவும் சிறிதன்று. பொடி விலை கூடியது; குளிரிலும் இருட்டிலும் வைக்க வேண்டும். நிறமாலை ஒளிமானி தேவை. மெதனோல் நஞ்சு. கடும்பச்சைச் சாற்றின் சொந்த நிறத்தைத் தனியாக அளந்து கழிக்க மறந்தால் எண்கள் பொய்யாகும்.

இதைத் தேர்ந்தெடுப்பது சரியாக அமையும் இடம் ஒன்று உண்டு. ஒரே செடியை இரு விதமாகக் கையாண்டு ஒப்பிடும்போது, உதாரணமாக நிழலில் உலர்த்தியதும் சூட்டில் உலர்த்தியதும், அல்லது பண்டாரவளையில் பறித்ததும் நுவரெலியாவில் பறித்ததும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கும்போது, இந்தச் சோதனை விரைவாகவும் நுட்பமாகவும் விடை தரும். அங்கே கேள்வி மருந்தைப் பற்றியதன்று, சேமிப்பையும் பறித்த இடத்தையும் பற்றியது.

## உப்புநீர் இறால் குஞ்சுகள்

வெளியில் அதிகம் பேசப்படாத இந்தச் சோதனையைத்தான் பாடசாலைகளுக்கு முதலில் சொல்வேன். ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலின் உலர்ந்த முட்டைகள் மீன் வளர்ப்புக் கடைகளில் மீன்குஞ்சுத் தீனியாகக் கிடைக்கும். லீற்றருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கரைத்த நீரில், மின்குமிழ் வெளிச்சத்தில், ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். குழாய்க்குப் பத்துக் குஞ்சுகள் வீதம் விட்டு, சாற்றை மில்லிலீற்றருக்கு 10, 100, 1,000 மைக்ரோகிராம் செறிவுகளில் சேர்த்து, 24 மணித்தியாலத்தின் பின் உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும். 1982இல் மேயரும் சகாக்களும் இதைத் தாவரச் சாறுகளுக்கு ஏற்ற முறையாக வெளியிட்டார்கள். குஞ்சுகளில் பாதியைக் கொல்லும் செறிவு 1,000 மைக்ரோகிராமுக்குக் கீழென்றால் சாறு உயிர்ப்புள்ளது என்று கொள்வது வழக்கம். ஓட்டோகிளேவ் என்னும் கிருமிநீக்கும் அமுக்கக் கலமோ ஒளிமானியோ வேண்டாம். ஒரு கைவில்லை போதும். நோய்க்கிருமியும் இல்லை. குளிர் மட்டுமே எதிரி: 26 பாகைக்குக் கீழே முட்டை பொரிக்கத் தாமதமாகும், ஆகவே மின்குமிழை அணைக்கக் கூடாது. பழைய முட்டை பொரிக்காது என்பதால் சிறு பொதியாக, புதிதாக வாங்குங்கள்.

இது ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் சொல்லும். ஆனால் அது சொல்வது நச்சுத்தன்மையை. மருந்துக் குணத்தை இல்லை. சவர்க்காரம்போல் நுரைக்கும் சப்போனின்கள் உள்ள சாறும் குஞ்சுகளைக் கொல்லும், ஆகவே சாற்றைக் குலுக்கி நுரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மறுபக்கம், குஞ்சுகள் பிழைத்ததால் செடி பாதுகாப்பானது என்றும் ஆகாது. 1981இல் பேராதனை ஆய்வாளர்கள் நாட்டு மருத்துவத்தில் வழங்கும் செடிகளை ஆராய்ந்து, கிலுகிலுப்பை வகையொன்று உட்படச் சிலவற்றில் கல்லீரலைச் சிதைக்கும் பைரோலிசிடின் அல்கலோயிட்டுகளைக் கண்டார்கள். அவற்றின் கேடு பெரும்பாலும் மெல்ல மெல்லச் சேர்வது. ஒரு நாள் சோதனைக்குள் அகப்படாது.

## மாப்பொருளும் அயடீனும்

‘சீனி வருத்தத்துக்கு’ என்று குடிக்கப்படும் கசாயங்களுக்கு இது. மாப்பொருட் கரைசலில் அமிலேசும் சாறும் சேர்த்து 37 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, பிறகு அயடீன் விட்டால், நொதியம் தடுக்கப்பட்டிருந்தால் நீலம் நிற்கும்; இல்லையென்றால் மறையும். உயர்தரப் பாடத்தில் செய்த சோதனையின் நீட்சிதான், செலவும் குறைவு. நீரிழிவுக்குத் தரும் அகாபோஸ் மாத்திரையைப் பொடித்து ஒப்பீட்டுக்கு வைக்கலாம்.

இதிலுள்ள பொறி தனின்கள். துவர்ப்பான சாறு எந்தப் புரதத்தையும் பிடித்து வீழ்படிவாக்கும். அமிலேசும் புரதமே, ஆகவே பொய்யாக ‘ஆம்’ வரும். அதே சாறு அயடீனையே தாழ்த்தி நிறத்தை அழித்து, பொய்யாக ‘இல்லை’ என்றும் சொல்லவைக்கும். நொதியம் சேர்க்காத குழாய் ஒன்றையும், ஜெலற்றினால் தனின்களை வீழ்த்தி வடித்த சாற்றின் குழாய் ஒன்றையும் கூடவே வைத்தால் இரண்டையும் பிடித்துவிடலாம். இவ்விரு குழாய்களும் இல்லாத அறிக்கையை நான் வாசிப்பதில்லை.

இன்னொன்று: கோத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் ஊறிய நீரைக் குடிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குரியது. அதிலுள்ள சலசினோல் என்ற பொருளை 1997இல் பிரித்தெடுத்து வெளியிட்டவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அது முதன்மையாகத் தடுப்பது அல்பா குளுக்கோசிடேசு என்ற வேறொரு நொதியத்தை. அமிலேசில் மட்டும் பார்த்து அத்தகைய செடியை ஒதுக்கிவிடக் கூடாது.

## ஒரே பார்வையில்

| சோதனை | ஏற்ற பயன்பாடு | ‘இல்லை’ சொல்லுமா | மலையகத்துச் சிக்கல் | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஏகார்த் தட்டு | காயம், தொற்று | சொல்லும். எண்ணெய்ப் பொருட்களில் தவறலாம் | கிருமிநீக்கம், மின்வெட்டு | பல்கலைக்கழகம். தீங்கற்ற கிருமிகளோடு பாடசாலை |
| டி.பி.பி.எச். | உலர்த்தல், சேமிப்பு ஒப்பீடு | அரிது | பெரிதாக இல்லை | ஒளிமானி உள்ளவர்கள் |
| இறால் குஞ்சு | முதற்கட்ட நச்சுத்தன்மை | சொல்லும் | குளிர் | பாடசாலை |
| அமிலேசு | நீரிழிவுக் கசாயம் | தனின்களை நீக்கினால் மட்டும் | 37 பாகையைப் பேணுவது | இரு தரப்பினரும் |

## எதில் ஊறவைப்பது

மக்கள் அவித்துக் குடிப்பதை அவித்தும், கசக்கிப் பூசுவதைக் கசக்கியும் முதலில் சோதியுங்கள், பிறகுதான் எதனோல். எதனோல் வாங்குவதும் வைத்திருப்பதும் மதுவரிச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அதிபர் அல்லது துறைத் தலைவர் மூலமாகவே கேளுங்கள். ஊறவைக்கும் முறை எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் என்பதற்குச் சீனத்தின் து யூயூ என்ற ஆய்வாளர் கண்ட மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினே சாட்சி. செடியைச் சூட்டில் வடித்தபோது நிலையற்றிருந்த பலன், பச்சையாக நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய மருத்துவ நூலொன்றின் வரியைக் கவனித்து, குறைந்த வெப்பநிலையில் ஈதரில் எடுத்தபோது உறுதியாகத் தெரிந்தது. அந்த மருந்துக்காக அவருக்கு 2015இல் நொபெல் பரிசு கிடைத்தது. செய்முறையைச் சொல்லித்தரும் அம்மாயியிடம் ‘எவ்வளவு நேரம் கொதிக்கும், மூடி வைப்பீர்களா, பச்சையா காய்ந்ததா’ என்று கேட்டு எழுதிக்கொள்வதும் ஆய்வின் பகுதியே.

## யார் எதைத் தேர்ந்தெடுப்பது

காயப் பச்சிலையோடு வரும் பல்கலைக்கழக மாணவர் ஏகார்த் தட்டில் தொடங்கி, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு வரை போகட்டும். நான்கு மாதமும் பாடசாலை ஆய்வுகூடமும் உள்ள குழு, இறால் குஞ்சோடு தொடங்கி, செடி நீரிழிவுக்கு வழங்குவதானால் அமிலேசையும் சேர்க்கட்டும். இரண்டுக்கும் மேல் எடுத்தால் எதையும் மும்முறை செய்ய நேரம் இருக்காது. எந்த முடிவு வந்தாலும் அந்தச் சாற்றை வீட்டிலுள்ள யாருக்கும் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

இந்த நான்கும் பொருந்தாத செடிகளும் உண்டு. செங்கமாரிக்கு ஹீன் போவிட்டிய இலையைக் கொடுக்கிறார்கள், அதைச் சோதிக்கலாமா என்று ஹாலிஎலப் பக்கத்து மாணவியொருவர் கேட்டிருக்கிறார். அந்தச் செடி எலிகளிலும் கல்லீரற் கலங்களிலும் ஏற்கெனவே ஆராயப்பட்டது. கல்லீரலைப் பற்றிய கேள்விக்குத் தட்டும் குழாயும் விடை தர மாட்டா, விலங்காய்வுக்கோ நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: இந்த ஆண்டு சோதனையே வேண்டாம். உங்கள் தோட்டத்தில் அதை யார், எந்தப் பகுதியை, எப்படித் தயாரித்து, எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்பதை அவர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்யுங்கள். பூத்த கிளையொன்றை அழுத்தி உலர்த்துங்கள். ஒட்டும் தாளின் அடியில் இடம், உயரம், திகதி, சொன்னவர் வழங்கும் பெயர், பக்கத்துத் தேயிலை மலையின் இலக்கம், அங்கே கடைசியாக மருந்து அடித்த நாள் ஆகிய ஆறையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் ஊறிவிடும்.